இதய அறுவை சிகிச்சை 1967இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய அறுவை சிகிச்சையின் வரலாறு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த இதய மாற்று சிகிச்சையிலிருந்து தொடங்குகிறது. பர்னார்டின் புகழில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் திறந்த இதய அறுவையைப் பயின்றது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில். அங்கே அத்துறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சி. வால்டன் லில்லெஹையின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

1918இல் மினியாபொலிஸில் பிறந்த லில்லெஹை, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவர். 1950இல், முப்பத்தோராம் வயதில், அவருக்கே நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. அவருடைய ஆசிரியர் ஓவன் வாங்கன்ஸ்டீன்தான் அறுவை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் லில்லெஹை காட்டிய அவசரத்துக்கும் துணிவுக்கும் இந்த நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதயத்தைத் திறந்து உள்ளே தைப்பதென்றால் அதனுள் பாயும் இரத்தத்தை நிறுத்த வேண்டும்; நிறுத்தினால் மூளை சில நிமிடங்களே தாங்கும். 1952 செப்டம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் ஜான் லூயிஸ், உடலைக் குளிர்வித்து, அதன் ஆக்சிஜன் தேவையைக் குறைத்து, ஒரு சிறுமியின் இதயத் துளையை மூடினார். லில்லெஹை அப்போது உடனிருந்து உதவினார். ஆயினும் குளிர்வித்துப் பெற்ற நேரம் எளிய குறைபாடுகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு வெற்றி கண்டார் என்றாலும், அடுத்து வந்த குழந்தைகள் இறந்ததால் அம்முயற்சியையே கைவிட்டார்.

லில்லெஹையும் அவருடைய குழுவினரும் இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு மனிதரையே நாடினர். கருவிலிருக்கும் சிசுவுக்காகத் தாய் மூச்சு விடுவதைப்போல, நோயுற்ற குழந்தையின் சிரை இரத்தம் பக்கத்து மேசையில் மயக்க மருந்து பெற்றுப் படுத்திருந்த தந்தை அல்லது தாயின் தொடைச் சிரைக்குச் சென்று, அவர் நுரையீரலில் தூய்மையாகி, தொடைத் தமனி வழியே குழந்தைக்குத் திரும்பியது. 1954 மார்ச் 26 அன்று இம்முறையில் முதலில் அறுவை செய்யப்பட்ட, சுமார் ஒரு வயதுக் குழந்தையின் இதயத் துளை சரியாக மூடப்பட்டது. ஆனால் பதினோராம் நாள் அக்குழந்தை நிமோனியாவால் இறந்தது. ஒரே அறுவையில் இருவர் இறக்கக்கூடும், அதாவது இருநூறு விழுக்காடு இறப்புக்கு வாய்ப்புள்ள சிகிச்சை இது என்று சக மருத்துவர்கள் கண்டித்தனர். அந்தக் கண்டனம் வீண்பழி அல்ல. கொடையாளியாகப் படுத்த ஒரு தாய்க்கு இரத்தத்தில் காற்று கலந்து மூளை பாதிக்கப்பட்டது. இக்காலத்து மருத்துவ நெறிக்குழு எதுவும் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தராது என்றே நினைக்கிறேன்.

ஆயினும் இம்முறையில் அறுவை செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் நலம் பெற்று வீடு திரும்பினர் என்பதையும், அவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1954 ஆகஸ்டில், நான்கு குறைபாடுகள் ஒருங்கே கூடிய நோயால் உடல் நீலம் பாய்ந்திருந்த ஒரு சிறுவனின் இதயம் முழுமையாகச் சீரமைக்கப்பட்டபோது, கொடையாளியாகப் படுத்தவர் அவனுக்கு எவ்வகையிலும் உறவில்லாத நெடுஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். பெற்றோர் படுத்ததையாவது பாசம் என்று புரிந்துகொள்ளலாம்; இவரை எப்படிப் புரிந்துகொள்வது?

1955இல் ரிச்சர்ட் டிவால் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு குறைந்த செலவில் உருவாக்கிய, இரத்தத்தில் ஆக்சிஜனைக் குமிழிகளாகச் செலுத்தும் குமிழி ஆக்சிஜனேற்றி வந்ததும் மனிதக் கொடையாளிக்குத் தேவையில்லாமல் போயிற்று. அறுவைக்குப் பின் இதயத்துடிப்பு தடைப்பட்ட குழந்தைகளுக்காக லில்லெஹை கேட்டுக்கொண்டபடி மின்பொறியாளர் ஏர்ல் பேக்கன் செய்துகொடுத்ததே மின்கலத்தில் இயங்கி உடலோடு எடுத்துச்செல்லக்கூடிய பேஸ்மேக்கர். 1973இல் லில்லெஹை வரி ஏய்ப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டார். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

1999இல் மறைந்த இவரைப் பற்றித் தங்கள் தொடரின் அடுத்த பகுதியில் எழுத வேண்டுகிறேன். அப்போது இரண்டாவது மேசையில் படுத்தவர்களுக்கும் சில பத்திகள் ஒதுக்கினால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்