தவக்காலத் தியானத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ் அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்கள்) சேர்ந்து, ‘இறைத்திட்டத்தில் நம்பிக்கை’ என்ற தலைப்பில் நடத்திய தவக்காலத் தியானம் நல்லபடியாக முடிந்தது. ஒத்தாசை செய்த ஒருவரும் பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி தியானம் கொடுத்த சாமிக்கு, அதாவது குருவானவருக்கு. இந்தத் தலைப்பில் உருக்கமாகப் பேசி அழ வைப்பது சுலபம். சாமி அந்த வழிக்கே போகவில்லை. படைப்பு இன்னும் நிறைவை நோக்கிய பயணத்தில்தான் இருக்கிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 302ஆம் எண்ணில் சொல்வதில் தொடங்கி, கடவுள் தம் திட்டத்தை நிறைவேற்றப் படைப்புகளின் ஒத்துழைப்பையும் பயன்படுத்துகிறார் என்ற 306ஆம் எண்ணுக்கு வந்தார். ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று தமிழ்நாட்டோடு ஒப்பந்தம் இருந்தும், ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்துத்தானே நாற்று விடுகிறோம்?

ஆன்ம சோதனைக்குக் குழு குழுவாக உட்கார வைத்துப் பழக்கிய அருட்சகோதரிகளுக்கு நன்றி. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த வரிசை இது: அன்றைய நாளுக்கு நன்றி, உண்மையைக் காண அருள் கேட்டல், காலை முதல் நடந்ததைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பெரும்பாலோர் நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே பாவப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடவுள் அன்று எங்கே கைகொடுத்தார் என்பது கண்ணில் படாது, மனம் சோர்ந்து ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவோம். பாயில் படுத்துக்கொண்டு தொடங்குகிறவர்களுக்கு மூன்றாம் படியிலேயே தூக்கம் வரும் என்று சகோதரி சொன்னபோது கூட்டம் சிரித்தது.

முடிவெடுக்க உதவும் குறிப்பேடுகளில் கோடு போட்டுக் கொடுத்த இளையோருக்கு நன்றி. எதிரெதிர்ப் பக்கங்களில் நான்கு பத்திகள். மகனை வளைகுடா வேலைக்கு அனுப்பலாமா என்பது கேள்வியானால், அனுப்பினால் வரும் நன்மை, தீமை, அனுப்பாவிட்டால் வரும் நன்மை, தீமை என்று தனித்தனியாக எழுத வேண்டும். பின்னிரண்டும் முன்னிரண்டின் மறுபக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. மறைந்திருக்கும் பயமும் ஆசையும் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும். எடை எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுத்து, அதை ஆண்டவர் முன் வைத்து உறுதி கேட்க வேண்டும். செபத்தில் வறட்சி, மனத்தில் இருட்டு என்றிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றவே கூடாது. கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இறைச்சித்தம் என்று எடுப்பதும், நவநாள் செபத்தை இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு என்று மிரட்டுவதும் மூடநம்பிக்கை. செபத்தின் பலனை வெறும் வெளிச்சடங்கில் வைப்பதை மறைக்கல்வி 2111ஆம் எண் அப்படித்தான் சொல்கிறது.

கோட்டாற்றிலிருந்து வந்து புனித தேவசகாயம் பற்றிப் பேசிய சகோதரர்களுக்குத் தனி நன்றி. கால்நடையும் விளைச்சலும் அழிந்து நொந்திருந்த நீலகண்டனுக்கு (தேவசகாயத்தின் முந்தைய பெயர்), குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் மறைசாட்சி மரணம், 2022 மே 15இல் புனிதர் பட்டம். நம்பினால் நஷ்டம் திரும்பி வரும் என்ற கணக்கு இந்த வாழ்க்கையில் எங்கும் ஒட்டாது. அதே நாளில் புனிதரான பிரெஞ்சுத் துறவி சார்லஸ் தெ ஃபுக்கோ 1916இல் பாலைவனத்தில் கொல்லப்பட்டபோது அவருடன் வாழ ஒரு சீடர்கூட இல்லை. துறவறக் குழுக்கள் பிறகுதான் முளைத்தன.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. துக்க வீட்டுக்குப் போய் ‘எல்லாம் தேவசித்தம்’ என்று சொல்வதை நம் அன்பியங்கள் இனி நிறுத்தலாம். செபமாலை சொல்லுங்கள், சோறு கொண்டு போங்கள், உடன் உட்காருங்கள்.

கஞ்சி வைத்த அம்மாமாருக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. நூறு பேருக்கு ஏழு கிலோ மட்ட அரிசி, மூன்று கிலோ பயறு என்ற அவர்கள் கணக்கு பிசகவில்லை. மட்ட அரிசி நின்று வேகும் என்பதால், தொடக்கப் பாடலுக்கு முன்பே அடுப்பு மூட்டியவர்கள் முதல் உரையைக் கேட்கவே இல்லை. அவர்களுக்காக அந்த உரையை உபதேசியார் வரும் ஞாயிறு பூசைக்குப் பின் சுருக்கிச் சொல்வார். கோடு போட்ட குறிப்பேடுகள் கொஞ்சம் மீதி இருக்கின்றன. வேண்டுவோர் அவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தமிழ் அன்பியங்களின் தியானக் குழுவினர்
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்