செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் இந்த ஆண்டு நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் உள்ள நம் சங்கக் கட்டடத்தில் வைஃபை அமைத்த வேலையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலுவலக அறையில் இருந்த ஒரே ரவுட்டரின் சிக்னல் பின்பக்க வகுப்பறைகளுக்கு எட்டவே இல்லை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் வந்த ட்ரூரோ முதலான கப்பல்களின் பயணிகள் பட்டியல்களை இணையத்தில் திறந்து, பூட்டன் பூட்டி பெயரைத் தேடுவது தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர் எல்லாம் அதில் உண்டு. பக்கம் திறக்காமல் பிள்ளைகள் கைபேசியோடு ஜன்னலோரம் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாம் என்று முதலில் பேசினோம். விலை குறைவுதான். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் (அலைவரிசையில்) வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆங்காங்கே வைத்து சிக்னலைக் கைமாற்றும் மெஷ் கருவிகளுக்குக் கேபிள் வேண்டாம். ஆனால் அவையும் ஒன்றோடொன்று காற்றுவழியேதான் பேசியாக வேண்டும், நடுவில் நம் கனத்த சுவர்கள். அப்புறம் கேபிளே இழுத்துவிடலாம் என்று குழு முடிவு செய்தது. அதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

இப்போது மண்டபத்திலும் வகுப்பறைப் பக்கமும் தலா ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி, இருக்கிறது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நமக்கு அது தாராளம். மின்சாரமும் அதே கேபிளில் போவதால், லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தாலும் அலுவலகத்தில் உள்ள ஒரு யுபிஎஸ், ரவுட்டரோடு சேர்த்து மூன்று கருவிகளையும் ஓட்டிவிடும். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எங்கே நடந்து போனாலும் மறுபடி இணைக்க வேண்டியதில்லை. சேனல் மட்டும் 1, 6, 11 என்று பிரித்து வைத்திருக்கிறோம். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இவை. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை இன்னும் வேகம், ஆனால் சுவர் தாண்டத் திணறும். ஆகவே ஒரே அறைக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது பயன். மண்டபத்தில் கல்யாணத்துக்கு வருவோருக்குத் தனி இணைப்பு. அதிலிருந்து சங்கக் கணினிக்குள் நுழைய முடியாது.

வெயிலும் மழையும் படாதபடி குழாய்க்குள் கேபிளை விட்டு மண்ணில் புதைத்த இளைஞர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

யுபிஎஸ் பேட்டரி சில ஆண்டுகளே உழைக்கும். வரும் ஆண்டுக் கணக்கில் அதற்கென ஒரு தொகை ஒதுக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.