சனிக்கிழமை பயிற்சி: பங்கு விற்பனை ஒப்பந்தம்

மாணவர்களுக்கு வணக்கம். ஒரு நிறுவனத்தின் பங்குகளை விற்கும் ஒப்பந்தத்தை இரு அணிகளாகப் பேரம் பேசிப் பழகும் பயிற்சி இது. சனி காலை 10 மணிக்குத் தொடங்குகிறோம். வாங்குபவர், விற்பவர் அணிகளுக்கான ரகசியக் குறிப்புகள் இன்று மாலை தனித்தனியாக வரும். எதிரணியிடம் காட்டிவிடாதீர்கள், பயிற்சியே வீணாகிவிடும்.

விலையிலேயே மல்லுக்கட்ட வேண்டாம். வக்கீலின் உழைப்பு பெரிதும் தேவைப்படுவது இழப்பீட்டுப் பிரிவில்தான் (வாங்கியவருக்குப் பின்னால் வரும் நஷ்டத்தை விற்பவர் ஈடுகட்டுவது பற்றிய பிரிவு): உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை மாதம் வரை கோரலாம், எஸ்க்ரோ கணக்கில் (இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவரிடம் இருக்கும் கணக்கு) எவ்வளவு பணத்தை நிறுத்திவைப்பது. பழைய வரி பாக்கி பின்னால் கிளம்பினால் யார் தலையில் விழும் என்று வாங்குபவர் அணி கேட்டே ஆக வேண்டும். “உச்சவரம்பைக் குறைத்துக்கொள்கிறோம், காலத்தை 24 மாதமாக்குங்கள்” என்று ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் பழகுங்கள். வெறுமனே விட்டுக்கொடுக்காதீர்கள்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைக் கட்டாயம் படித்துவிட்டு வாருங்கள். தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குட்வில்லை (தொழிலின் நற்பெயரையும் வாடிக்கையாளர் ஆதரவையும்) விற்பவருக்கு, நியாயமான எல்லைக்குள் அதே தொழிலுக்குத் தடை போடலாம். இதை நம் ஒப்பந்தத்தில் எந்த ஊர் வரை, எத்தனை வருடம் என்று எழுதுவீர்கள்? அங்கேதான் நல்ல வாதம் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்புறம், அணிக்கு ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். வர முடியாதவர்கள் நாளைக்குள் சொல்லிவிடுங்கள், அணியை மாற்ற வேண்டும்.