மாமனார் வீட்டை விட்டுக்கொடுத்த மருமகனுக்கு

அலெக்சாண்டரின் தளபதி கோய்னோஸுக்கு,

கி.மு. 330-இல், அரசனுக்கு எதிரான சதியைக் கேள்விப்பட்டும் மறைத்தார் என்ற குற்றச்சாட்டில் உம் மைத்துனர் பிலோத்தாஸைப் படைவீரர் முன் கட்டிக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும்விட உரக்கப் பழித்தவர் நீர்தான். எறியக் கல்லையே எடுத்துவிட்டீராம்; அலெக்சாண்டர்தான் உம் கையைப் பிடித்தாராம். இதை எழுதிய ரோமானியர் குர்டியுஸ் எதையும் சற்று ஊதிப் பெரிதாக்குகிறவர். ஆனாலும் இதை நம்புகிறேன்.

உமக்கு வேறு வழி என்ன இருந்தது? துரோகியின் உறவினரையும் சேர்த்துக் கொல்வது மக்கெதோனிய வழக்கம் என்கிறார் குர்டியுஸே. பிலோத்தாஸின் உடன்பிறந்தவளை மணந்தவர் நீர். பாரசீகப் படையெடுப்புக்குச் சற்று முன்புதான் உமக்குத் திருமணம். அந்த முதல் குளிர்காலத்தில் புது மாப்பிள்ளைகளை அரசர் ஊருக்கு அனுப்பியபோது, அவர்களை அழைத்துப்போன தளபதிகளில் நீரும் ஒருவர்.

உம் மாமனார், மூத்த தளபதி பர்மேனியோன் வீட்டில் பெண் எடுப்பதென்றால் சும்மாவா? பாரசீகரோடு நடந்த கவுகமேலாப் போரில் படையின் இடப்பக்கம் முழுவதும் அவர் பொறுப்பு. குதிரைப்படை மூத்த மகன் பிலோத்தாஸிடம். அரசரின் காலாட்காவலர் இன்னொரு மகன் நிக்கானோரிடம். மருமகன் நீரோ சொந்த மலைநாடான எலிமேயாவின் ஆட்களைக் கொண்ட ஈட்டிப் படையணிக்குத் தலைவர். ஒரே பந்தியில் உட்காரக்கூடிய குடும்பத்திடம் இத்தனை படை! அலெக்சாண்டரின் தந்தை பிலிப் உம்மைப் போன்ற பிரபுக்களுக்கு நிலம் கொடுத்தார், பதவி கொடுத்தார், பிள்ளைகளைப் படுக்கையறைக் காவலுக்கு அரண்மனையில் வைத்துக்கொண்டார். அது மரியாதையும்தான், பிணையும்தான். ஆனால் நீங்கள் உங்களுக்குள் செய்துகொண்ட சம்பந்தங்களுக்கு அவர் மகனிடம் ஒரே மருந்துதான் இருந்தது: ஒரு வீட்டைக் கொண்டே இன்னொரு வீட்டை அறுப்பது.

நிக்கானோர் அதற்குச் சற்று முன்பே நோயில் இறந்திருந்தார். பிலோத்தாஸ் கொல்லப்பட்டதும் ஒட்டகத்தில் பாலைவனத்தைத் தாண்டி, பர்மேனியோன் இருந்த எக்பட்டானா நகருக்கு அவரைக் கொல்லும் ஆணை பறந்தது. மகன் பெயரில் வந்த கடிதத்தை எழுபது வயதுக் கிழவர் மகிழ்ச்சியோடு வாசித்துக்கொண்டிருந்தபோது விலாவில் குத்தியவர் உம் சகோதரர் கிளியாண்டர். அந்த ஆணைக்கு ஆள் தேர்ந்த கூர்மையை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கி.மு. 326-இல் இந்தியாவின் ஹிபாசிஸ் (இன்றைய பியாஸ்) ஆற்றங்கரையில், ஊர் திரும்பலாம் என்று வீரர்களுக்காக அரசரிடம் பேசத் துணிந்தீர். சில மாதங்களுக்குள் நோயில் போய்ச் சேர்ந்தீர். 324-இல் கிளியாண்டரையும் அரசர் கொன்றுவிட்டார்.

நீர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அலெக்சாண்டருக்குப் பின் மக்கெதோனியாவை ஆண்ட கசாண்டர் அரசரான பின் வெட்டிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. உம் தந்தை பொலெமொக்ராத்தஸுக்கு பிலிப் கொடுத்த நிலங்களை உம் மகன் பெர்டிக்காஸுக்கு உறுதிப்படுத்துகிறது அது. வம்சத்துக்கும் செல்லுமாம். உம் மாமனாரின் ஆண்மக்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. பெர்டிக்காஸைப் பெற்றவள் அவர் மகள்தான் என்றால், நீர் காப்பாற்றியது யாருடைய பேரனை, கோய்னோஸ்?