நீ கேட்ட ஃபீஸ் கழிவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் மகள் மாவட்ட வாலிபால் அணிக்குத் தேர்வாகிவிட்டாள் என்ற வரியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை முழுவதும் படித்தேன். செலக்‌ஷன் நம்ம பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில்தான் நடந்ததா? அவளும் உன்னைப் போல இடது கையால்தான் அடிப்பாளா? இதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டாயே.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "உன் பையன் காலேஜ் டீமில் ஆடுகிறானே, அப்போ ஃபீஸ் முழுக்கக் கழிவுதானே?" என்று. அந்த ஒரு வரிதான் என்னை இத்தனை நாள் உட்கார வைத்துவிட்டது. இல்லை ஏட்டி, ஒரு டாலர்கூடக் கிடையாது.

இங்கே அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1973இல் கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. டிவியில் லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிற மைதானங்கள் காட்டுவார்களே, அது முதல் பிரிவு. இவன் ஆடுவது மூன்றாம் பிரிவு. அங்கே விளையாட்டுக்காக யாருக்கும் உதவித்தொகை தரக்கூடாது என்பதே விதி. மார்க்குக்குத் தரலாம், வீட்டு வருமானம் குறைவு என்றால் தரலாம், ஆனால் ஆடுகிறவன் என்பதற்காக மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஏதும் கொடுத்திருக்கிறார்களா என்று ஆண்டுதோறும் கல்லூரிகளிடம் கணக்கு வாங்கிப் பார்க்கிறார்கள். இவன் கல்லூரியில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு 60,000 டாலரைத் தாண்டும், அதில் இவனுக்குக் குறைத்ததெல்லாம் பள்ளி மார்க்குக்குக் குறைத்ததுதான், மீதிக்கு நாங்களும் கட்டுகிறோம், அவன் பேரில் கடனும் இருக்கிறது. முதல் பிரிவில் இப்போது நடப்பது வேறு உலகம். 2025 ஜூனில் ஒரு வழக்கு முடிந்து, ஒரு கல்லூரி முதல் வருடத்தில் தன் விளையாட்டுக்காரர்களுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. பேர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், காலேஜ் ஃபுட்பால்.

நீ நினைக்கிற காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை இது. தலைக்கவசமும் தோளுக்குக் கனத்த பேடும் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து முன்னே கொண்டுபோகிற ஆட்டம். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் போனால் பந்து உன்னிடமே இருக்கும், போகாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். இவன் நிற்பது பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால், ஐந்து பேர் கொண்ட தடுப்பு வரிசையில். நாலு வருடமாக ஆடுகிறான், ஒரு ஆட்டத்தில்கூடப் பந்தைத் தொட்டதில்லை. அவன் வேலை எதிரே வருகிறவனை நெஞ்சால் தாங்கி மூன்று நாலு நொடி நிறுத்தி வைப்பது. அந்த மூன்று நொடியை யாரும் பார்ப்பதில்லை, எல்லாருடைய கண்ணும் பந்தின் மேல்தான் இருக்கும். நான் மட்டும் நாலு வருடமாகப் பந்தைப் பார்க்காமல் 66ஆம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் பள்ளி கடைசி வருடத்தில் இருந்தபோது கோச் ஒருவர் வீடு தேடி வந்தார், நம்ம பி.டி. மாஸ்டர் உன் அப்பாவைப் பார்க்க வயலுக்கே வந்தாரே, அந்த மாதிரி என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் புரிந்தது. சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு இப்போது பிள்ளைகள் சேருவது குறைந்துகொண்டே வருகிறது, ஃபுட்பால் அணி இருந்தால் நூறு பையன்கள் ஃபீஸ் கட்டிச் சேருவார்கள். இரண்டாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் 110 பேர் இந்த அணியில் மட்டும். அதில் பாதிப்பேர் நாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட முழுதாக ஆடுவதில்லை. கல்லூரி இவர்களுக்குக் காசு தரவில்லை என்பது போய், இவர்கள்தான் கல்லூரியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை, பதினேழு வயதுப் பையனிடம் "நீ எங்களுக்குத் தேவை" என்று சொல்கிறவர்கள் எதற்காகத் தேவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பையன்கள் ஆடுகிற ஆட்டத்தில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை, அதையும் நான் பார்த்தேன்.

போன வருடம் செயின்ட் ஜான்ஸ் மைதானத்துக்குப் போயிருந்தோம். மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம், காலேஜ்வில் என்று ஊர், பெனடிக்டைன் துறவிகளின் மடமும் அதன் கல்லூரியும். மைதானம் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் சரிவு, அக்டோபரில் இலை நிறம் மாறும்போது பார்த்தால் பேச்சே வராது. அங்கே ஜான் கலார்டி என்று ஒரு கோச் இருந்தார். 1943இல் கொலராடோவில் பள்ளியில் படித்தபோது அவருடைய கோச்சைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள், அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்றதும் பதினாறு வயதுப் பையன் நானே பயிற்சி தருகிறேன் என்று நின்றான், அதில் தொடங்கியது. 1953இல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்து 2012 வரை அறுபது சீசன் அங்கேயே இருந்தார். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிக வெற்றி அவருக்குத்தான், 489. இவ்வளவும் உதவித்தொகை கொடுத்துப் பையன்களைக் கூட்டி வராமல்.

அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க நம்ம மாஸ்டர் விசில் ஊதி ஊதி நம்மை விரட்டியது ஞாபகம் வந்தது. கலார்டியிடம் விசிலே கிடையாது. கோச் என்று கூப்பிட விடமாட்டார், பையன்களுக்கு அவர் வெறும் ஜான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை, கட்டாய எடைப் பயிற்சி இல்லை, வருகிறவர்களில் யாரையும் கழித்து அனுப்பியதில்லை, அதனால் அணியில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதிக் கீழே தள்ளுவது கூடாது. ஆட்டத்தன்று மோதுவதே போதும், சொந்த அணிக்காரனை வாரம் நாலு நாள் அடித்து என்ன கிடைக்கும் என்பது அவர் கட்சி. அப்படிப் பழகிய அணிதான் மூன்றாம் பிரிவின் 2003 இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 55 ஆட்டம் தோற்காமல் வந்த ஒஹாயோவின் மவுண்ட் யூனியனை 24-6 என்று சாய்த்தது. அவர் 2018இல் 91 வயதில் இறந்தார். டார்ட்மத் கல்லூரி 2010இல் பயிற்சியில் மோதலை நிறுத்தியது, டார்ட்மத், ஹார்வர்டு, யேல் எல்லாம் சேர்ந்த, விளையாட்டு உதவித்தொகை தராத ஐவி லீக் கல்லூரிகள் எல்லாம் 2016இல் சீசன் பயிற்சியில் அதையே விதியாக்கின. இந்த மனிதர் அதை எத்தனையோ வருடம் முன்னாலேயே செய்துகொண்டிருந்தார்.

செயின்ட் ஜான்ஸின் பரம எதிரி செயின்ட் பால் நகரத்து செயின்ட் தாமஸ். இரண்டுக்கும் 2017இல் நடந்த ஆட்டத்தை மினியாபொலிஸ் பேஸ்பால் மைதானத்தில் வைத்தார்கள், 37,355 பேர் வந்தார்கள், மூன்றாம் பிரிவில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன் வந்ததே இல்லை. அதே சீசனில் செயின்ட் தாமஸ் இன்னொரு சின்னக் கல்லூரியான செயின்ட் ஓலாஃபை 97-0 என்று அடித்தது. காசு கொடுக்காவிட்டால் எல்லாரும் சமம் என்று நாம் நினைப்போம், அப்படி இல்லை. ஆறாயிரம் பேர் படிக்கிற நகரத்துக் கல்லூரியும் இரண்டு மூன்றாயிரம் பேர் படிக்கிற ஊர்க் கல்லூரியும் ஒரே லீகில் இருந்தால் இதுதான் நடக்கும். கடைசியில் 2019இல், 1920இல் அந்த லீகைத் தொடங்கியவர்களில் ஒருவரான செயின்ட் தாமஸையே மற்றக் கல்லூரிகள் வெளியேற்றிவிட்டன. ஜெயித்ததற்காக வெளியேற்றுவதா என்று எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. அப்புறம் இவன் அணி ஒரு ஆட்டத்தில் 50க்கு மேல் வாங்கித் தோற்றபோது, நாலாவது கால்பகுதியிலும் இவன் மறுபடி மறுபடி குனிந்து நின்றதைப் பார்த்த பிறகு, வெளியேற்றியவர்கள் பக்கமும் கொஞ்சம் புரிந்தது. செயின்ட் தாமஸ் நேராக முதல் பிரிவுக்கே போய்விட்டது, ஆனால் அங்கேயும் ஃபுட்பாலுக்கு உதவித்தொகை தராத பயனியர் லீகில்தான் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் சான் டியாகோ, ஃப்ளோரிடாவில் ஸ்டெட்சன், நியூயார்க்கில் மாரிஸ்ட் என்று நாடு முழுக்க விமானத்தில் போய் ஆடுகிறார்கள். இவர்களோ மஞ்சள் பஸ் ஏறி மூன்று மணி நேரத்தில் போகிற ஊர்களில் ஆடுகிறார்கள்.

பெரிய ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. செயின்ட் ஜான்ஸ் பையன் பென் பார்ட்ச் இவனைப் போலவே தடுப்பு வரிசை, 2020இல் ஜாக்ஸன்வில் என்ற தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது. ஒல்லியாக இருந்தவர் எடை ஏற்றுவதற்காக ஏழு முட்டை, பாலாடைக்கட்டி, சோளக் குருணைக் கஞ்சி, நிலக்கடலை வெண்ணெய், வாழைப்பழம், கேட்டரேட் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துத் தினமும் குடித்தாராம். அதைப் படித்துவிட்டு இவன் என் மிக்ஸியில் ஒரு கோடைகாலம் முழுக்க அரைத்தான், சட்னியில் முட்டை வாசம் போகவே இல்லை. ஆனால் பார்ட்ச் மாதிரி ஆவேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவனுக்குத் தன் அளவு தெரியும்.

இப்போது உன் ஃபீஸ் கேள்விக்கே திரும்ப வருகிறேன். இரண்டாம் வருடம் ஒரு மோதலில் இவனுக்கு மூளை குலுங்கிவிட்டது, இங்கே கன்கஷன் என்பார்கள். எழுந்து நின்றான், ஆனால் எதிரணிப் பக்கம் நடந்து போனான். அணியின் டிரெய்னர் பெண் அங்கேயே அவன் தலைக்கவசத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் ஆடவில்லை, வெளிச்சம் கண்ணில் பட்டால் தலைவலி, புத்தகம் திறக்க முடியவில்லை. விட்டுவிடுடா என்று நான் அழுதேன். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து வாரமும் எனக்கு உன் முட்டிதான் ஞாபகத்தில் நின்றது.

யுனிவர்சிட்டி போட்டிக்கு முந்தின வாரம் உன் முட்டி வீங்கி ஊதா நிறமாகியிருந்தது, ராத்திரி விடுதியில் ஐஸ் வைத்துக் கட்டினோம். ஆடாவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா போய்விடும், கோட்டா போனால் ஃபீஸும் விடுதியும் போய்விடும், வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். நாலு செட் ஆடினாய். அன்றைக்கு உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. என் மகனுக்கு அந்தப் பயம் இல்லை. அந்த ஐந்து வாரத்தில் அவன் ஃபீஸ் ஒரு டாலரும் ஏறவில்லை, அறையைக் காலி செய் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தை விட்டிருந்தாலும் பயாலஜி படிப்பு அப்படியே தொடர்ந்திருக்கும். அவனுக்கு எதையும் கொடுக்காததால் அவனிடமிருந்து பிடுங்கவும் எதுவும் இல்லை. ஆனாலும் டாக்டர் கையெழுத்துப் போட்ட அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் மைனஸ் குளிரில் எடை தூக்கப் போய் நின்றான். ஏன் என்று கேட்டேன். "அவங்க எல்லாரும் அங்க இருப்பாங்கம்மா" என்றான், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கோட்டா இல்லாவிட்டால் நீயும் நானும் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டோம். உன் முட்டியை வாங்கியதும் அதுதான், உன்னை டீச்சராக்கியதும் அதுதான். அதனால் இது நல்லது, அது கெட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. ஃபீஸ் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தச் சுதந்திரம்.

நவம்பரில் கடைசி ஆட்டம். அந்த சீசனில் மூன்று வெற்றி, ஏழு தோல்வி, அன்றைக்கும் தோல்விதான். நம்ம வாலிபாலை ஐம்பது வயதிலும் தெருவில் கயிறு கட்டி ஆடலாம். இந்த ஆட்டத்தை அப்படி ஆட முடியாது, 22 வயதில் பேடைக் கழற்றினால் முடிந்தது. எல்லாரும் போன பிறகும் கடைசி வருடப் பையன்கள் குளிக்கப் போகாமல் அப்படியே மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள், லேசாகப் பனி தூறியது. நான் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். "அம்மா, இதை அவிழ்த்துவிடு" என்று கையை நீட்டினான். ஒவ்வொரு விரலிலும் டேப். குளிரில் விரல் மரத்துப்போய் அவனால் பிரிக்க முடியவில்லை. நீ எனக்கு ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் விரலில் பிளாஸ்திரி சுற்றிவிடுவாயே, நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பாயே, அப்படிக் கடித்துத்தான் எடுத்தேன். பத்து விரலையும் பிரிக்கிறவரை அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, உன் மகளின் போட்டி எந்தத் தேதி என்று எழுது, வீடியோ எடுக்கச் சொல். முட்டியை டாக்டரிடம் காட்டுவதாகப் போன கடிதத்திலும் சொன்னாய், அதற்கு முந்தின கடிதத்திலும் சொன்னாய். பொங்கலுக்கு முன்னால் காட்டிவிட்டு எக்ஸ்ரேயை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் எட்டாம் நம்பர்