அபராதத் தொகை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பு அபராதம் விதித்தால், தலைப்பில் தொகைதான் பெரிதாக வருகிறது. உள்ளே என்ன நடந்தது என்பதை அந்தத் தொகை சொல்வதில்லை. அபராதம் விதித்த உத்தரவின் முழு வாசகமே சொல்லும்.

அதில் முதலில் தேதிகளைப் பாருங்கள். தவறு எப்போது தொடங்கியது, யார் கண்டுபிடித்தது? நிறுவனமே முன்வந்து தெரிவித்திருந்தால் உள்தணிக்கை வேலை செய்கிறது. பல ஆண்டுகள் நடந்து, வெளியார் புகாரால் அம்பலமானால் கோளாறு மேலிடம் வரை இருக்கக்கூடும். அடுத்து, பழைய உத்தரவுகளைத் தேடுங்கள். அதே குற்றம் திரும்ப வந்தால், அபராதத்தையும் ஒரு செலவாகவே கணக்கில் எழுதுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பணத்தைவிட நிபந்தனைகள்தான் கனமானவை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளர்களின் அனுமதியின்றி அவர்கள் பெயரில் ஊழியர்கள் கணக்குத் தொடங்கிய போலிக் கணக்கு விவகாரத்தில் 2016இல் கட்டியது 18.5 கோடி டாலர். ஆனால் 2018இல் அமெரிக்க மத்திய வங்கி அதன் சொத்து வளர்ச்சிக்குப் போட்ட உச்சவரம்பு 2025 வரை நீடித்தது. வங்கியை உண்மையில் முடக்கியது அதுதான்.

நிறுவனம் ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும்’ ஒழுங்குமுறை அமைப்புடன் சமரசம் செய்துகொண்டது என்றால் நிரபராதி என்று பொருளல்ல. தங்கள் நாளிதழ் இத்தகைய செய்திகளில் மீறலின் காலம், முந்தைய நடவடிக்கைகள், நிபந்தனைகள் மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்