சாப்பாட்டு மேசைக்காகப் பிறந்த கழகம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் உதைபந்தாட்டக் கழகத்தின் தொடக்க கால வரலாறு, எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய தமிழில், ஒரு சிறு நூலாக அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது நியாயமில்லை. யார் யார் கை கொடுத்தார்கள் என்பதை நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும்.

முதலில் மிச்செல் நூலகத்து ஊழியர்கள். பழைய பத்திரிகைச் சுருள்களை எடுத்துத் தந்து, மங்கிய எழுத்துகளைக் கூட இருந்து வாசித்துச் சொன்னீர்கள். நான் தேடிப்போனது கோல் கணக்குகளை. உங்களுடன் பேசிய பிறகுதான் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று புரிந்தது. அயர்லாந்துப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வந்து குவிந்த குடும்பங்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தார்கள். ஒரு பென்னிக்குச் சூடான சாப்பாடு. வீட்டிலிருந்து பாண் கொண்டுவந்தால் அரைப் பென்னிக்கு ஒரு கிண்ணம் சூப். அந்தச் சாப்பாட்டு மேசைகளை நடத்தப் பணம் வேண்டும் என்பதற்காகவே 1887 நவம்பர் 6ஆம் திகதி கால்ற்றன் பகுதியிலிருந்த சென் மேரிஸ் தேவாலய மண்டபத்தில் இந்தக் கழகம் தொடங்கப்பட்டது. 1888இல் வெளியிட்ட வேண்டுகோள் மடலிலும் இதையே முதல் நோக்கமாக எழுதி, மூன்று தேவாலயப் பங்குகளின் ஏழைப் பிள்ளைகளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். முன்னின்று நடத்திய கத்தோலிக்கத் துறவி பிரதர் வால்ஃபிரிட், அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்து பலிமோட்டில் 1840இல் பிறந்தவர். பஞ்சம் தொடங்கியபோது அவருக்கு ஐந்து வயது. பசியை அவர் யாரிடமும் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது, கால்ற்றனில் பிறந்து வளர்ந்த எங்கள் பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. சென் மேரிஸ் தேவாலயத்திலிருந்து மைதானம் வரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனீர்கள். கால் வலி இருந்தும் பஸ்ஸில் ஏற மறுத்தீர்கள். ஜேன்ஃபீல்ட் மயானத்து மதிலைக் கைத்தடியால் தொட்டுக் காட்டி, முதல் மைதானம் இதன் பக்கத்தில்தான் இருந்தது, சம்பளமில்லாமல் ஊர்ச்சனமே வந்து வெட்டிச் சமப்படுத்தியது என்று சொன்னபோது, எப்போதும் ஓடித் திரிகிற பையன்கள்கூட அசையாமல் நின்று கேட்டார்கள். ஆண்டுக்கு 50 பவுணாக இருந்த வாடகையை நிலச் சொந்தக்காரர் 450 பவுணாக்கியதும், பக்கத்திலேயே தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய செங்கல் சூளைக் குழியை எடுத்து, ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டி மண் கொட்டி நிரப்பியதும் அன்று நீங்கள் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றைய மைதானம் அந்தக் குழியின் மேல் நிற்கிறது.

1892இல் அங்கே முதல் புல் கட்டியைப் பதிக்க அவர்கள் அழைத்தது மைக்கல் டேவிற்றை. நான்கு வயதில் அயர்லாந்தின் மாயோவில் வாடகை கட்ட முடியாமல் குடும்பத்தோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர், பதினொரு வயதில் லங்காஷயர் பஞ்சாலையில் வலக்கையை இழந்தவர், பின்னால் அயர்லாந்து விவசாயிகளின் நில உரிமைக்காகப் போராடிச் சிறை போனவர். வாடகை ஏற்றி வெளியே தள்ளப்பட்ட கழகம் இவரைத் தேடிப்போனதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. அயர்லாந்தின் டொனிகாலிலிருந்து கொண்டுவந்த அந்தப் புல் கட்டியை யாரோ இரவோடிரவாகக் களவெடுத்துப் போனார்கள் என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

எடின்பரோவின் லீத் பகுதியிலிருந்து வேலைக்கு வரும் என் நண்பருக்குத் தனி நன்றி. நீங்கள் எடின்பரோவின் ஹிபர்னியன் கழகத்து ரசிகர். கையெழுத்துப் பிரதியை வாசித்துவிட்டு, "எங்களை எங்கே காணோம்?" என்று கேட்டீர்கள். அதன் பிறகுதான் இரண்டாம் அத்தியாயம் எழுதப்பட்டது. எடின்பரோ ஐரிஷ்காரர்கள் பாதிரியார் கனன் எட்வர்ட் ஹனனோடு சேர்ந்து 1875இலேயே கழகம் கட்டிவிட்டார்கள். ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்தார், இது ஸ்கொட்லாந்துக்காரருக்கான சங்கம் என்று சொல்லி முதலில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அதையும் தாண்டி 1887இல் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தை வென்றார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடியது கிளாஸ்கோவில், அதே சென் மேரிஸ் மண்டபத்தில். நீங்களும் இப்படி ஒன்று தொடங்குங்களேன் என்று ஊக்கம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். செல்டிக் மைதானத்தில் 1888 மே 8இல் நடந்த முதல் ஆட்டத்தில் விளையாடியதும் ஹிபர்னியன்தான், கௌலேர்ஸ் அணிக்கு எதிராக. சில மாதங்களுக்குள் அவர்களின் சிறந்த ஆட்டக்காரர்களைச் செல்டிக் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் ஹிபர்னியன் இயங்க முடியாமல் நின்று, பிறகுதான் மீண்டும் எழுந்தது. நான் செல்டிக் ரசிகன்தான். இருந்தாலும் இந்தக் கடனை எங்கள் பக்கத்தில் போதிய அளவு சொல்வதில்லை என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்காவது முழுக் கதையும் போய்ச் சேரட்டும்.

1888 மே 28ஆம் திகதி கிளாஸ்கோவின் மற்றக் கழகமான ரேஞ்சர்ஸுடன் நடந்த முதல் ஆட்டத்தைப் பற்றிய பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தந்தவர் எங்கள் தமிழ் ஆசிரியை அக்கா. 5-2 என்று செல்டிக் வென்றது எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை இரண்டு அணியும் சென் மேரிஸ் மண்டபத்தில் ஒன்றாக இருந்து சாப்பிட்டுப் பாட்டுக் கேட்ட செய்தி ஒரு மூலையில் ஒற்றை வரியாகக் கிடந்தது. "இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்? மேலே கொண்டுவா" என்றீர்கள். இந்த நகரத்தில் செல்டிக்கின் பச்சையா ரேஞ்சர்ஸின் நீலமா என்று கேட்டுச் சண்டை பிடிப்பதைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த வரி அவசியம். சந்திப் பிழைகளைக் களைந்ததற்கும் சேர்த்து நன்றி, அக்கா.

பொலக்ஷீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் கொல்கத்தா அண்ணரை மறக்க முடியாது. முகமது சலீமைப் பற்றிச் சொன்னவர் நீங்கள். கொல்கத்தா முகமதன் ஸ்போட்டிங்கில் விளையாடிய சலீம் 1936இல் இங்கே வந்து, சப்பாத்து இல்லாமல், காலில் பண்டேஜ் சுற்றிக்கொண்டு செல்டிக்குக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனெமி குனிந்து அவர் காலுக்குப் பண்டேஜ் சுற்றுகிற புகைப்படம் உலகறிந்தது. தமக்கெனச் சேர்ந்த பணத்தை அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார் என்று சொல்வார்கள். கழகம் எதற்காகத் தொடங்கியதோ, அதை அவர் செய்துவிட்டுப் போனார்.

இதற்கு அடுத்த அத்தியாயம் கசப்பானது. 1892இல் வால்ஃபிரிட்டை லண்டனுக்கு மாற்றினார்கள். 1897இல் கழகம் கம்பனியாகி, பங்குதாரர்களுக்கு இலாபம் போகத் தொடங்கியது, பிள்ளைகளின் மேசைக்குப் போன பணம் தேய்ந்தது. இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதத்தான் வேண்டுமா என்று பெற்றோர் சிலர் தயங்கினீர்கள். கடைசியில் விட்டுக்கொடுத்தீர்கள். அதற்கும் நன்றி.

அச்சுச் செலவைப் பங்கிட்டுக்கொண்ட கடைக்காரர்கள், வெளியீட்டு நாளன்று காலை முதல் மினக்கெட்டுச் சூப்பும் பாணும் பரிமாறிய அம்மாமார், படம் வரைந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் எல்லோரின் பெயரையும் அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் போடுவோம், பெரியவர் சம்மதித்தால் அவருடையதையும். விற்ற காசில் அச்சகக் கணக்கைத் தீர்த்தாகிவிட்டது. மீதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கிற கிழக்குப் பகுதித் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டோம், பற்றுச்சீட்டு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. இன்னும் கொஞ்சப் பிரதிகள் மிச்சம் உண்டு. வேண்டியவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் வாருங்கள்.

மிக்க நன்றியுடன்,
நூலைத் தொகுத்தவன்
கிளாஸ்கோ